எட்டு நிமிஷம் சுவர்ல சாய்ஞ்சா பிபி குறையுமா?

(எபிசோடில் பேசியதை, வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தருகிறோம்.)



இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். மெட்ரோல, பைக்ல போய்க்கிட்டே கேக்குறவங்க விட்டுருங்க. முட்டி வலி, இதயப் பிரச்சினை, ஏற்கெனவே பிபி இருக்கறவங்களும் விட்டுருங்க. மத்தவங்க எழுந்து ஒரு சுவர்கிட்ட போங்க. முதுகைச் சுவர்ல சாய்ச்சுக்கிட்டு, அப்படியே கீழே சறுக்கி, நாற்காலியில உட்கார்ந்த மாதிரி நில்லுங்க. நாற்காலி கிடையாது. ஆமாம், ஸ்கூல்ல வீட்டுப்பாடம் எழுதாம போனா நம்மள நிக்க வெச்ச அதே போஸ்தான். அப்போ அது தண்டனை. இப்போ அதுக்குப் பேரு ‘வால் ஸ்குவாட்’.

நீங்க அப்படியே நில்லுங்க, நான் பேசறேன். இன்னும் அரை நிமிஷத்துல தொடை நடுங்க ஆரம்பிக்கும். மூச்சை மட்டும் அடக்காதீங்க. நடுக்கம் வந்ததும் எழுந்துடுங்க.

இந்த நடுக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம். இதுல நான் பண்ணின ஒரு தப்பும் வருது. சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். அப்புறம் சொல்லிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

136/88

போன வருஷம் எங்க ஆபீஸ்ல ஹெல்த் செக்கப் கேம்ப் போட்டாங்க. அன்னைக்கு லிஃப்ட் ரிப்பேர், நாலு மாடி ஏறி வந்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு காபி. மேனேஜரோட ஒரு போன் கால், அது எப்படி முடிஞ்சுதுன்னு கேக்காதீங்க. போய் உட்கார்ந்த உடனே கையில பட்டையைக் கட்டினாங்க. மெஷின் 136/88னு காட்டுச்சு. “பார்டர்ல இருக்கு மேடம், பார்த்துக்கோங்க”ன்னு சிஸ்டர் சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

எனக்கு வயசு 32. அப்பா 9 வருஷமா பிபி மாத்திரை சாப்பிடறார். தாத்தா பக்கவாதம் வந்து கடைசி ரெண்டு வருஷம் படுக்கையிலதான் இருந்தார். அதனால அந்த ‘பார்டர்’ங்கற வார்த்தை அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூங்க விடல.

முதல்ல இந்த ரெண்டு எண் என்னன்னு பார்த்துடலாம். இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்போது ரத்தக் குழாய்களில் ஏற்படும் அழுத்தம் மேல் எண், சிஸ்டாலிக். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் தளர்ந்திருக்கும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண், டயஸ்டாலிக். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரம் ஏறுது என்பதுதான் பழைய அளவுகோல். மெஷின்ல பாதரசம் போயிடுச்சு, அளவு மட்டும் நிலைச்சிருச்சு. நான் இன்னைக்குச் ‘புள்ளி’ன்னு சொன்னா, அந்த ஒரு மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க.

120/80க்குக் கீழே இருந்தா நார்மல். அதுக்கு மேலே எங்கே கோடு போடறதுங்கறதுல நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கு. அமெரிக்காவில் 2017இல் வந்த வழிகாட்டுதல், 130/80லிருந்தே உயர் ரத்த அழுத்தம் என்கிறது. நம்ம ஊர்ல பெரும்பாலான டாக்டர்கள் 140/90ஐத்தான் கோடா வெச்சிருக்காங்க. ஆக, என்னோட 136/88 அங்கே போனா நோய், இங்கே ‘பார்டர்’.

இது என் ஒருத்தி கதை இல்ல. ஐசிஎம்ஆரும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. அதன்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. மூணு பேர்ல ஒருத்தருக்கு மேல. உங்க டீம் ஸ்டாண்ட்-அப்ல ஒருமுறை தலையை எண்ணிப் பாருங்க.

அளந்ததே தப்பு

அடுத்த நாள் தெரிஞ்ச டாக்டர் அக்கா ஒருத்தங்களுக்கு போன் பண்ணேன். கதையைக் கேட்டுட்டுச் சிரிச்சாங்க. “நாலு மாடி ஏறிட்டு, காபி குடிச்சிட்டு, சண்டை போட்டுட்டு அளந்தா வேற என்ன வரும்? முதல்ல ஒழுங்கா அளந்து பாரு”ன்னாங்க.

ஒழுங்கா அளக்கறதுன்னா இதுதான். அரை மணி நேரத்துக்கு முன்னாடி காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் ரெண்டும் தரையில, கால் மேல கால் கூடாது. 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை இதயத்தின் உயரத்தில் டேபிள் மேல வைக்க வேண்டும். பட்டை வெறும் தோல்மேல், கைக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை அளக்க வேண்டும். மணிக்கட்டு மெஷினைவிட மேல்கையில் கட்டும் மெஷின் நம்பகமானது.

ஒண்ணு வாங்கினேன். ஒரு வாரம், காலையும் சாயங்காலமும். சராசரி 127/82 வந்துச்சு. 136 இல்ல. ஆனா 120ம் இல்ல. மாத்திரைக்கு அவசியம் இல்ல, நடந்துக்கற விதத்தை மாத்திக்கோன்னு அக்கா சொன்னாங்க. உப்பு, தூக்கம், நடை. எல்லாருக்கும் தெரிஞ்ச லிஸ்ட். எல்லாரும் தள்ளிப் போடற லிஸ்ட்.

ஒரு தலைப்புச் செய்தி

அந்த வாரத்துலதான் ஒரு பழைய செய்தி கண்ணுல பட்டது. பிரிட்டனில் கேன்டர்பரி கிறைஸ்ட் சர்ச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜேமி எட்வர்ட்ஸ், ஜேமி ஓ’டிரிஸ்கால் குழுவினர் 2023இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. புதுசா ஆட்களைக் கூப்பிட்டு அளந்த ஆய்வு இல்ல. 1990 முதல் வெளியான 270 சோதனைகளை, மொத்தம் 15,827 பேரின் தகவலை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். எந்த உடற்பயிற்சி ஓய்வுநிலை ரத்த அழுத்தத்தை அதிகம் குறைக்குதுங்கறதுதான் கேள்வி.

நடை, ஓட்டம், சைக்கிள் மாதிரி ஏரோபிக் பயிற்சியில் மேல் எண் சராசரியாக 4.49 குறைந்தது. எடை தூக்கும் பயிற்சியில் 4.55. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 6.04. இப்போ ஜிம்ல பிரபலமா இருக்கற ஹிட் பயிற்சியில் 4.08. ஐசோமெட்ரிக், அதாவது அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியில் 8.24. கீழ் எண்ணும் 4 குறைந்தது. தனித்தனிப் பயிற்சிகளாப் பிரிச்சுப் பார்த்தபோது, மேல் எண்ணைக் குறைக்கறதுல முதலிடம் வால் ஸ்குவாட்டுக்கு.

ஓடத் தெரியாத, ஜிம் சந்தா கட்டி மூணு தடவை மட்டும் போன எனக்கு இது எப்படி இருந்திருக்கும்? அசையாம நின்னா போதும்! அதுவும் ஒரு நாளைக்கு 8 நிமிஷம், வாரத்துக்கு மூணு நாள். பிபி மாத்திரை ஒன்றை வழக்கமான அளவில் எடுத்தால் மேல் எண் சுமாராக 9 குறையும். அப்போ இது மாத்திரைக்குச் சமம்னு சில செய்திகள்ல எழுதியிருந்தாங்க.

நான் என்ன பண்ணேன்? உடனே திருச்சிக்கு போன் போட்டேன். “அப்பா, கேட்டீங்களா, சுவர்ல சாய்ஞ்சு நின்னா பிபி மாத்திரை போட்ட மாதிரியாம்!”

அந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

ஏத்தி விட்டா எப்படிக் குறையும்?

இதுல ஒரு முரண் இருக்கு. ஐசோமெட்ரிக் பயிற்சி செய்யும்போது ரத்த அழுத்தம் ஏறும். நல்லாவே ஏறும். போர் விமானிகள் திருப்பத்துல மயங்கி விழாம இருக்க, காலையும் வயித்தையும் இறுக்கிப் பிடிப்பாங்க. ரத்தம் மூளைக்குப் போகற அளவுக்கு அழுத்தத்தைத் தக்கவைக்கத்தான் அது. அப்போ ஏத்தற பயிற்சி எப்படிக் குறைக்கும்?

கார் கழுவற ஓஸ் பைப்பை நினைச்சுக்கோங்க. நடக்கும்போது தசை சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, ரத்தம் போய் வந்துகொண்டே இருக்கும். இறுக்கிப் பிடித்தால், வீங்கிய தசை தனக்குள்ளே ஓடும் ரத்தக் குழாயைத் தானே அழுத்துகிறது. பைப் மேல காலை வெச்ச மாதிரி. உள்ளே போகும் ரத்தம் குறைகிறது, கழிவுப் பொருட்கள் அங்கேயே தேங்குகின்றன. அந்த எரிச்சல் இருக்கே, தொடையில வந்துச்சே, அது அப்போதான் வருது.

தேங்கிய கழிவைத் தசையில் உள்ள நரம்பு முனைகள் உணர்ந்து மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன: ‘இங்கே ரத்தம் பத்தல.’ உடனே இதயம் வேகமாகத் துடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. இதை 1937இல் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர் அழகா நிரூபிச்சாங்க. ஆட்களைக் கெண்டைக்கால் தசைக்கு வேலை கொடுக்கச் சொல்லி, பட்டையால் ரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டார்கள். பயிற்சியை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கவில்லை. பட்டையைத் தளர்த்தி, தேங்கிய ரத்தத்தை ஓட விட்ட பிறகுதான் இறங்கியது. வேலை நின்னாலும் தசை புகார் கொடுத்துக்கிட்டே இருந்திருக்கு.

இப்போ நீங்க எழுந்து நிக்கறீங்க. பைப் மேல இருந்து கால் எடுத்தாச்சு. ரத்தம் குபுகுபுன்னு பாயும். தொடையில ஒரு சூடு பரவுமே, அதுதான். அந்த வேகமான ஓட்டம் ரத்தக் குழாயின் உட்சுவரை உரசும்போது, உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளை வெளியிடுகிறது. அது குழாயைத் தளர்த்துகிறது. இதையே வாரக்கணக்கில் செய்யும்போது குழாய்கள் விரியும் திறன் கூடுவதும், குழாய்களை இறுக்கிவைக்கும் நரம்பு மண்டலத்தின் முறுக்கு தணிவதும்தான் அழுத்தம் குறையக் காரணமாக ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். இரண்டில் எது பெரிய பங்கு என்பதில் அவர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு.

நார்மலா இருக்கறவங்களுக்கும் வேலை செய்யுமா?

இதுதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கான கேள்வி. பொதுவா, ஆரம்பத்துல எண் எவ்வளவு உயரமோ அவ்வளவு இறங்கும். நல்லா இருக்கற ஆளுக்கு இறங்க இடமே கம்மி.

அமெரிக்காவின் 2017 வழிகாட்டுதலில் இதுக்குத் தனிக் கணக்கு இருக்கு. ஐசோமெட்ரிக் கைப்பிடிப் பயிற்சியால், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சுமார் 5 புள்ளியும், இல்லாதவர்களுக்கு சுமார் 4 புள்ளியும் குறையலாம் என்கிறது. எடை தூக்கும் பயிற்சியில் ஆரோக்கியமானவர்களுக்குச் சுமார் 2, ஏரோபிக்கில் 2 முதல் 4. ஆக, வேலை செய்யுது. ஆனா ‘8’ங்கற எண்ணை அப்படியே உங்க கணக்குல வரவு வெச்சுக்காதீங்க.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது வைலி குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு. கொஞ்சம் கூடுதலாக அழுத்தம் இருந்தவர்களை, தங்கள் முழுப் பலத்தில் 30 சதவீதம் மட்டும் போட்டு ஒரு கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார்கள். 2 நிமிடம் பிடி, 3 நிமிடம் ஓய்வு, மொத்தம் நான்கு முறை, வாரம் மூன்று நாள், 8 வாரம். மேல் எண் சராசரியாக 12 புள்ளிக்கு மேல் குறைந்தது. பிரமிக்க வைக்கற எண்தான், ஆனா ரொம்பச் சின்னக் குழு. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயத்தையும் அவங்க பார்த்தாங்க. பயிற்சியை நிறுத்தின சில வாரத்துல அழுத்தம் பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. பல் தேய்க்கற மாதிரிதான். போன வருஷம் தேய்ச்சது இந்த வருஷத்துக்குச் செல்லாது.

நான் எப்படிச் செஞ்சேன்

2 நிமிடம் சுவரில், 2 நிமிடம் ஓய்வு. நான்கு முறை. கணக்குப் போட்டா வேலை 8 நிமிஷம், நடுவுல மூணு ஓய்வு 6 நிமிஷம், மொத்தம் 14 நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள், நடுவுல ஒருநாள் இடைவெளி.

தொடை தரைக்குச் சமமா, முட்டி 90 டிகிரியில நிக்கணும்னு ரீல்ஸ்ல காட்டுவாங்க. அவசியம் இல்ல. ஆய்வுகளில் முட்டியின் கோணம் ஒவ்வொருவரின் உடல் தாங்கும் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்படுகிறது. கொஞ்சமே கீழே இறங்கினால் சுலபம், அதிகம் இறங்கினால் கஷ்டம். முதல் 2 நிமிஷம் ‘இவ்ளோதானா?’ன்னு இருக்கணும். நாலாவது தடவையின் கடைசி அரை நிமிஷம்தான் ‘எப்போடா முடியும்’னு தோணணும். முதல் தடவையிலயே நடுங்குதுன்னா ரொம்பக் கீழ இறங்கிட்டீங்கன்னு அர்த்தம்.

மூச்சை அடக்கக் கூடாது. இதை மூணாவது தடவையா சொல்ற மாதிரி நினைச்சுக்கோங்க. மூச்சைப் பிடித்து முக்கினால் அழுத்தம் திடீரென்று எகிறும். நான் செய்யும்போது பாட்டு முணுமுணுப்பேன். பாட முடிஞ்சா மூச்சு ஓடுதுன்னு அர்த்தம். பக்கத்து ஃபிளாட்காரங்க என்ன நினைச்சாங்களோ தெரியாது.

மொசைக் தரையில சாக்ஸ் போட்டுக்கிட்டு செய்யாதீங்க, வழுக்கும். என் வீட்டுச் சுவர்ல என் முதுகு அளவுக்கு டிஸ்டெம்பர் மங்கிப் போச்சு. ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல பிடிப்பார்னு நினைக்கறேன்.

முட்டி ஒத்துக்கலைன்னா கைப்பிடிப் பயிற்சி இருக்கு. பலத்தை அளந்து காட்டும் டிஜிட்டல் கருவிகள் கிடைக்கின்றன. அதில் முழுப் பலத்தில் 30 சதவீதத்தில் பிடிக்க வேண்டும்.

8 வாரம் கழிச்சு, அதே மெஷின், அதே டேபிள், ஒரு வார சராசரி: 121/78. ஆறு புள்ளி இறங்கியிருந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு. ஆனா நேர்மையா சொல்லணும்னா, அந்த 8 வாரத்துல நான் ஊறுகாயையும் சிப்ஸையும் குறைச்சேன், ராத்திரி 1 மணிக்குப் படுக்கறதை விட்டேன், மெஷினைப் பார்த்துப் பயப்படறதும் குறைஞ்சது. சுவர் எத்தனை புள்ளி, ஊறுகாய் எத்தனை புள்ளின்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒருத்தியோட கதை ஆய்வு ஆகாது.

அப்பா

இப்போ அந்த போன் காலுக்கு வருவோம்.

நான் வாங்கின மாதிரியே ஒரு மெஷினை திருச்சிக்கும் அனுப்பி வெச்சிருந்தேன். அம்மாவுக்கு லேசா தலை சுத்தல். ஒருநாள் சாயங்காலம் அம்மா தனக்கு அளந்து பார்த்துட்டு, பக்கத்துல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த அப்பாவுக்கும் சும்மா கட்டிப் பார்த்திருக்காங்க. 178/104. மெஷின் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு திரும்பக் கட்டியிருக்காங்க. 176. எனக்கு போன் வந்துச்சு.

“அப்பா, மாத்திரை போட்டீங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், “நீதானேம்மா சொன்ன”ன்னார்.

மூணு வாரமா மாத்திரையை நிறுத்தியிருக்கார். யார்கிட்டயும் சொல்லல. தினமும் காலையில ஹால்ல சுவர்ல சாய்ஞ்சு நின்னிருக்கார். 63 வயசு, முட்டி வலி வேற. அரை நிமிஷம்தான் முடிஞ்சிருக்கு. அதையே நாலு தடவை. “ஒண்ணும் பண்ணலம்மா, நல்லாத்தான் இருக்கேன். தலைவலிகூட இல்ல.”

அவர் பொய் சொல்லல. நிஜமாவே நல்லாத்தான் இருந்தார். இந்தப் பிரச்சினையோட குணமே அதுதான். 178லயும் ஒருத்தர் காபி குடிச்சுக்கிட்டு, பேப்பர் படிச்சுக்கிட்டு, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவார். என் தாத்தாவும் விழறதுக்கு முன்னாடி நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்.

அன்னைக்கு ராத்திரியே அம்மா அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. நான் விடியக்காலை ரயில்ல போய்ச் சேர்ந்தேன். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சாங்க, ஒரு வாரத்துல இறங்கிடுச்சு. வேற எதுவும் ஆகல. ஆகியிருந்தா இந்த எபிசோடை நான் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.

அந்த டாக்டர் அப்பாவைத் திட்டல. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். “நீங்க படிச்சதுல எண் குறையும்னு போட்டிருந்தாங்களா, ஸ்ட்ரோக் குறையும்னு போட்டிருந்தாங்களா?”

நான் ரயில்ல திரும்பி வரும்போது போன்ல அந்த ஆய்வை எடுத்து முழுசாப் படிச்சேன். முதல் தடவை நான் படிச்சது அதைப் பத்தின செய்தியைத்தான். அவர் கேட்டது சரிதான். 270 சோதனைகளும் அளந்தது அழுத்தத்தின் எண்ணை.

மாத்திரை விஷயத்துல நிலைமை வேற. 2021இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு, மருந்து கொடுத்து நடத்திய 48 சோதனைகளில் இருந்த 3,44,716 பேரின் தகவலைப் பார்த்தது. மேல் எண் 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளின் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைந்தது. மாத்திரை எண்ணை மட்டும் குறைக்கல. ஆட்களைக் காப்பாத்தியிருக்கு, அதை எண்ணிப் பார்த்திருக்காங்க. சுவர்ல சாய்ஞ்சவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து, எத்தனை பேருக்கு ஸ்ட்ரோக் வரலைன்னு அப்படி யாரும் எண்ணிக் காட்டல.

இன்னொண்ணு. 8.24ங்கறது ஒரு சராசரி. ஐசோமெட்ரிக் சோதனைகள் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் சின்னவை, சில வாரங்களில் முடிபவை. ஓட்டத்தையும் சுவரையும் ஒரே சோதனையில் நேருக்கு நேர் மோதவிட்டு வந்த முடிவும் இல்லை, கணக்கு வழியாக ஒப்பிட்டது. ஆய்வு தப்புன்னு நான் சொல்லல. நான் போன்ல சொன்ன வாக்கியம்தான் தப்பு. ‘மாத்திரை போட்ட மாதிரி’ன்னு அந்த ஆய்வு சொல்லல. நான் சொன்னேன்.

அப்போ என்னதான் பண்றது?

உங்களுக்கு 20, 30 வயசு, பிபி நார்மல் அல்லது கொஞ்சம் கூடுதல், வேற பிரச்சினை இல்லைன்னா, இது நல்ல பயிற்சி. செலவு இல்ல, இடம் வேண்டாம், ஷூ வேண்டாம். ஆனா இது கூடுதல், மாற்று இல்ல. நடை, ஓட்டம் உங்க இதயத்துக்கும், மூச்சுக்கும், சர்க்கரை அளவுக்கும் பண்றதைச் சுவர் பண்ணாது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அப்படியே இருக்கு. 14 நிமிஷத்தை அது மேல வெச்சுக்கோங்க.

மாத்திரை சாப்பிடறவங்க, பிபி கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, இதயம், ரத்தக் குழாய், கண் நரம்புல பிரச்சினை இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க. நெஞ்சு வலி, மயக்கம், பார்வை மங்கல் வந்தா அங்கேயே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. எண் நல்லா இறங்கிடுச்சுன்னா, மாத்திரையைக் குறைக்கறது டாக்டர் வேலை. நம்ம வேலை அளந்து எழுதி அவர்கிட்ட காட்டறது.

கடைசியா ஒண்ணு. இந்த எபிசோடை வீட்ல அம்மா அப்பாவுக்கு அனுப்பணும்னு தோணுச்சுன்னா, தயவுசெஞ்சு பாதியில வெட்டி அனுப்பாதீங்க. ‘8 நிமிஷத்துல பிபி குறையும்’ங்கற துண்டு மட்டும் ஃபேமிலி குரூப்ல போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

அதுக்குப் பதிலா இந்த ஞாயித்துக்கிழமை இதைப் பண்ணுங்க. 5 நிமிஷம் சும்மா உட்கார்ந்து உங்க பிபியை ஒரு தடவை ஒழுங்கா அளந்து பாருங்க. அப்புறம் வீட்டுக்கு போன் பண்ணி, “சாப்டீங்களா?”ன்னு கேக்கறதோட, “மாத்திரை போட்டீங்களா?”ன்னும் கேளுங்க. நான் இப்போ தினமும் கேக்கறேன். “போட்டாச்சு, போட்டாச்சு”ன்னு அப்பா எரிஞ்சு விழறார். டாக்டர் அனுமதியோட இப்போ கைப்பிடிப் பயிற்சி பண்றார். டிவி பார்த்துக்கிட்டே. சீரியல்ல சண்டை வந்தா 30 சதவீதம் 60 ஆயிடுதுன்னு அம்மா கம்ப்ளெயின்ட் பண்றாங்க.

உங்களுக்கு இப்படி ஒரு அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும், மூச்சை அடக்காதீங்க.